லோ பேண்ட் வாக்கி டாக்கிக்கு ஆண்டெனா: வாங்குவதா, நாமே செய்துகொள்வதா?

பதிவு 1 | மலைவழி

அனைவருக்கும் வணக்கம். காட்டுப் பாதைகளில் வழி தவறியவர்களைத் தேடும் தன்னார்வக் குழு ஒன்றில் தகவல் தொடர்பைக் கவனித்துக்கொள்கிறேன். எங்களுக்கு உரிமம் கிடைத்திருப்பது 40 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய லோ பேண்ட் அலைவரிசையில். கைச் செட்டுகள் 5 வாட் திறன் கொண்டவை. அவற்றுடன் வந்தவை சுமார் 30 செ.மீ. நீளமுள்ள, ரப்பர் உறை போட்ட சுருள் ஆண்டெனாக்கள். மேடு பள்ளங்களிலும் மரச்செறிவிலும் இந்த அலைவரிசை மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆனால் நடப்பது வேறு. தள நிலையம் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் பேசுவது அவர்களுக்கு இரைச்சலுக்குள் முணுமுணுப்பாகத்தான் போய்ச் சேர்கிறது. முன்பு வைத்திருந்த 150 மெகாஹெர்ட்ஸ் செட்டில் 15 செ.மீ. ஆண்டெனாவை வைத்துக்கொண்டே இதைவிட நன்றாகப் பேசியிருக்கிறோம்.

இப்போது என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. 60 செ.மீ. நீளமுள்ள ஆயத்த ஆண்டெனா ஒன்று கிடைக்கிறது. விற்பவர் நிலையலை விகிதம் (ஆண்டெனாவிலிருந்து ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; ஒன்றும் திரும்பாவிட்டால் 1.0) 1.2 என்று உறுதி சொல்கிறார். இழுத்து நீட்டும் வகையில் 1.2 மீட்டர் ஆண்டெனா ஒன்றும் உண்டு. மூன்றாவது, நாமே சுருள் சுற்றிச் செய்துகொள்வது. ஈயப் பற்று வைக்கத் தெரியும், நானோ வி.என்.ஏ. என்ற, ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி ஒன்றும் கையில் இருக்கிறது. எந்த வழியில் போகலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | செப்புச்சுருள்

வணக்கம், மலைவழி. வாங்குவதா செய்வதா என்பதற்கு முன்னால், உங்கள் கையில் இருக்கும் ஆண்டெனா எவ்வளவு குட்டையானது என்பதைப் பார்த்துவிடுவோம். 40 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 7.5 மீட்டர், நடைமுறையில் கால் அலைக் கம்பி ஏறத்தாழ 1.78 மீட்டர் வரும். உங்கள் 30 செ.மீ. ஆண்டெனா அலைநீளத்தில் 25இல் ஒரு பங்குதான். இதே விகிதத்தில் உங்கள் பழைய 150 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்கு ஆண்டெனா செய்தால் அது 8 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும், 450 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்கென்றால் 2.7 செ.மீ., அதாவது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அப்படி ஒன்றை யாராவது விற்றால் சிரிப்போம். லோ பேண்டில் மட்டும், பார்வைக்கு ஓர் அடி நீளம் இருப்பதால், அது குட்டை என்று நமக்குத் தோன்றுவதில்லை.

குட்டையானால் என்ன கெடும்? கதிர்வீச்சுத் தடை, அதாவது ஆற்றலை வானில் ஏற்றும் தடை, நீளத்தின் வர்க்கத்தோடு விழுகிறது. குறையற்ற தரையின் மேல் நிற்பதாகவே வைத்துக் கணக்கிட்டாலும், 30 செ.மீ. கம்பிக்கு 40 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீச்சுத் தடை 0.6 ஓம்தான். அந்தக் கம்பியின் மின்தேக்கு எதிர்ப்பு ஏறத்தாழ 1,000 ஓம். அதை ஈடுசெய்ய 4 மைக்ரோஹென்றி அளவுக்குச் சுருள் வேண்டும். சுருளின் தரக்காரணியை (அதன் எதிர்ப்பு இழப்புத் தடையைப் போல் எத்தனை மடங்கு என்பதை) 150 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அதன் இழப்புத் தடை 6.7 ஓம் ஆகிறது. ஆக, செட் தரும் ஆற்றலில் 100க்கு 8 அல்லது 9 பங்குதான் வானில் ஏறுகிறது. மற்றதெல்லாம் சுருளைச் சூடாக்கப் போகிறது. உங்கள் 5 வாட் செட் அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

இதே கணக்கை 60 செ.மீ. கம்பிக்குப் போட்டால் கதிர்வீச்சுத் தடை 2.5 ஓம், சுருள் இழப்பு 4 ஓம், செயல்திறன் 100க்கு 39 பங்கு. 1.2 மீட்டருக்குப் போனால் கதிர்வீச்சுத் தடை 10 ஓம், சுருள் இழப்பு ஒன்றரை ஓம், செயல்திறன் 100க்கு 87 பங்கு. முதல் இரட்டிப்பில், அதாவது 30இலிருந்து 60க்குப் போகும்போது, ஆறரை டெசிபெல் கிடைக்கிறது (10 டெசிபெல் என்றால் ஆற்றலில் 10 மடங்கு). இரண்டாவது இரட்டிப்பில் மூன்றரை டெசிபெல்தான். தரையை ஒட்டிய பாதையில் தூரம் இரட்டிக்க ஏறத்தாழ 12 டெசிபெல் தேவைப்படும் என்பதை மனத்தில் வைத்தால், இரண்டு தாவலும் சேர்ந்து தரும் 10 டெசிபெல் தூரத்தை 1.8 மடங்கு நீட்டுகிறது.

முள்செடிக்குள் நடப்பவர் கையில் 1.2 மீட்டர் கம்பி எத்தனை நிமிடம் உருப்படியாக இருக்கும் என்பது வேறு கேள்வி. என் தனிப்பட்ட கருத்து, நடப்பவர்களுக்கு 60 செ.மீ. போதும் என்பதுதான். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் நல்ல தரை இருக்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. கைச் செட்டுக்கு அந்தத் தரை எது என்பதில்தான் உண்மையான சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பதிவு 3 | நேர்கோடு

இவ்வளவு கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விற்பவர் நிலையலை விகிதம் 1.2 என்கிறார். 1.2 என்றால் செட்டிலிருந்து போகும் ஆற்றலில் 100க்கு ஒரு பங்குகூடத் திரும்பி வருவதில்லை. அதற்குமேல் என்ன வேண்டும்? வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பதிவு 4 | செப்புச்சுருள்

நேர்கோடு அவர்களே, திரும்பி வரவில்லை என்பது உண்மைதான்; எங்கே போனது என்பதுதான் கேள்வி. சோதனைக்கு நாம் மாட்டும் 50 ஓம் போலிச் சுமையின், அதாவது ஆற்றலை வெறும் சூடாக்கும் தடையின், நிலையலை விகிதம் 1.0. அதை மாட்டிக்கொண்டு யாரும் மலையேறிப் பேசுவதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். 60 செ.மீ. கம்பியை நல்ல சுருளோடு நம் அலைவரிசைக்கு அதிர (ஒத்திசைய) வைத்தால் அதன் அடியில் தெரிய வேண்டிய தடை ஏழு ஓமுக்கும் குறைவு. நிலையலை விகிதம் 8 அளவில் இருக்க வேண்டும். அடியில் பொருத்தச் சுற்று (தடையைச் செட்டுக்கு ஏற்ப மாற்றும் சுற்று) ஏதும் இல்லாமலேயே ஒரு குட்டை ஆண்டெனா, செட் எதிர்பார்க்கும் 50 ஓமை அழகாகக் காட்டுகிறது என்றால், கதிர்வீச்சுக்கான இரண்டரை ஓம் போக மீதியெல்லாம் இழப்பு என்று பொருள். மெல்லிய எஃகுக் கம்பியில் சுற்றிய சுருளும், மட்டமான பிளாஸ்டிக் மையமும் அந்த இழப்பைத் தாராளமாக வழங்கும். அத்தகைய ஆண்டெனாவுக்கு வேறொரு அடையாளமும் உண்டு. நல்ல 60 செ.மீ. ஆண்டெனா, முறையாகப் பொருத்தப்பட்டபின், நிலையலை விகிதம் 2க்குள் நிற்பது சுமார் 300 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான். 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றிலும் வேலை செய்யும் என்று எழுதி விற்கும் குட்டை ஆண்டெனாவைக் கண்டால், அதற்குள் தடை ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

மலைவழி அவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். விகிதம் 2க்குள் நிற்கும் அகலம் எவ்வளவு, அடியில் பொருத்தச் சுருள் இருக்கிறதா. இரண்டுக்கும் பதில் வராவிட்டால் நீங்களே செய்துகொள்வது மேல்.

பதிவு 5 | பழையசெட்

எங்களுக்குக் கேட்கிறது, அவர்களுக்குக் கேட்கவில்லை என்று இழையைத் தொடங்கியவர் எழுதியதை யாரும் தொடவில்லை. ஆண்டெனா இருவழியிலும் ஒரே அளவில்தானே இழக்கும், பின் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று எனக்கும் முன்பு குழப்பம் இருந்தது.

காரணம் இரைச்சல். 40 மெகாஹெர்ட்ஸில் செட்டின் உள் இரைச்சலைவிட வெளியிலிருந்து வருவது பெரிது. குடியிருப்புப் பகுதியில் மின்கம்பிகளும் மின்னேற்றிகளும் மோட்டார்களும் எழுப்பும் இரைச்சல், வெப்ப இரைச்சலுக்கு மேலே ஏறத்தாழ 28 டெசிபெல் உயரத்தில் நிற்கும். ஆள் நடமாட்டமற்ற இடத்தில்கூட அண்டவெளியிலிருந்து வரும் இரைச்சல் 15 டெசிபெல் அளவில் இருக்கும். உங்கள் குட்டை ஆண்டெனா வரும் குரலை 10 டெசிபெல் குறைக்கும்போது, கூடவே வரும் வெளி இரைச்சலையும் அதே 10 டெசிபெல் குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக மாறாததால் காதுக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் அனுப்பும்போது அப்படி இல்லை. அங்கே இழந்த 10 டெசிபெல் இழந்ததுதான்.

இதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. தள நிலையம் 50 வாட் என்றால் உங்கள் 5 வாட்டைவிட 10 டெசிபெல் கூடுதல். மேலும், அது குடியிருப்புக்கு நடுவில் இருந்தால் அதன் காது முழுக்க இரைச்சல். உங்கள் காடு அமைதியாக இருக்கிறது. ஆகவே செலவு செய்ய நினைத்தால், தள நிலைய ஆண்டெனாவை மின்கம்பிகளிலிருந்து விலக்கி உயர்த்துவதும் கைச் செட்டின் ஆண்டெனாவை மாற்றுவதற்கு இணையான பலனைத் தரலாம்.

கொஞ்சம் பழங்கதை. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட எஸ்.சி.ஆர்.-300 என்ற முதுகுச்சுமைச் செட் 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரை பண்பலையில் இயங்கியது. மோட்டோரோலா நிறுவனம் செய்தது. டான் நோபிள் என்ற பொறியாளர் அதற்குப் பின்னால் இருந்தார். அதற்கு இரண்டு ஆண்டெனாக்கள் கொடுத்தார்கள்: நடக்கும்போது 33 அங்குலத்தில் ஒன்று, உட்கார்ந்து பேசும்போது 10 அடிக்கும் மேலான ஒன்று. பின்னர் வந்த பி.ஆர்.சி.-77இலும் அதே ஏற்பாடுதான். 3 அடி எஃகு நாடா ஒன்று, துண்டு துண்டாகக் கோத்து நிமிர்த்தும் 10 அடிக் கம்பி ஒன்று. 30 செ.மீ. ஆண்டெனாவை யாரும் அந்தச் செட்டுகளுக்குக் கொடுக்கவில்லை. அந்த நீளங்களை அந்தக் காலப் பொறியாளர்கள் அழகு கருதியா முடிவு செய்தார்கள்?

பதிவு 6 | செப்புச்சுருள்

பழையசெட் ஐயா எழுதியதில் இன்னொரு செய்தி இருக்கிறது. அவை முதுகுச்சுமைச் செட்டுகள். கனமான உலோகப் பெட்டி, அதை ஒட்டி மனித முதுகு. அதாவது ஆண்டெனாவின் கீழ்ப்பாதி ஓரளவு பெரிதாகவே அமைந்துவிட்டது. நான் சொல்லாமல் விட்ட தரை விஷயம் இதுதான்.

கைச் செட்டில் நாம் திருகி மாட்டுவது ஆண்டெனாவின் பாதி மட்டுமே. மேலே பாயும் ஒவ்வொரு துளி மின்னோட்டத்துக்கும் ஈடாகக் கீழே ஒரு துளி பாய்ந்தாக வேண்டும். அந்தக் கீழ்ப்பாதி செட்டின் உள் உலோகச் சட்டம். அது 15 செ.மீ. நீளம் இருந்தால் அதிகம். 450 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்டக் கால் அலை, அதனால் அங்கே பிரச்சினையே எழுவதில்லை. 40 மெகாஹெர்ட்ஸில் அது ஒன்றுமில்லாததற்குச் சமம். மிச்சத்தைச் செட்டைப் பிடித்திருக்கும் கையும் உடலும் ஈடுகட்டுகின்றன. தரையில் நிற்கும் ஆளின் உடல் 35 முதல் 40 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் இயல்பாக அதிரும் என்பது ஒரு வேடிக்கையான தற்செயல். உப்புநீர் நிறைந்த அந்த உடல் நல்ல கடத்தி அல்ல என்பது வேடிக்கையல்லாத பகுதி.

ஆகவே மேல்பாதிக்குச் செலவழிக்கும் முன் கீழ்ப்பாதிக்கு ஒரு கம்பியைக் கொடுங்கள். ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) இதைப் புலிவால் என்பார்கள். உறையிட்ட பல்லிழைச் செப்புக் கம்பி, கால் அலை நீளம், உங்களுக்கு 1.78 மீட்டர். ஒரு முனையில் வளைய லக் ஒன்றைப் பற்றவைத்து, ஆண்டெனா இணைப்பியின் வெளி உலோகத்தோடு, ஆண்டெனாவைத் திருகும்போது இடையில் சிக்கும்படி மாட்ட வேண்டும். பெல்ட் கிளிப்பில் மாட்டிவிட்டுப் பலன் இல்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல செட்டுகளில் கிளிப் சட்டத்தோடு மின்சாரத் தொடர்பே இல்லாதது. கம்பி உடலோடு ஒட்டித் தொங்கினால் அதன் அதிர்வு கீழே இறங்கும் என்பதால், முதலில் நீளமாக விட்டு, அளந்து அளந்து வெட்டுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை. வாலின் நுனியில் மின்னோட்டம் இல்லை, ஆனால் மின்னழுத்தம் உச்சம். 5 வாட்டிலும் விரல் நுனியில் சுருக்கென்று சுடும். நுனியை மடித்து, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடிவிடுங்கள். நீண்ட வால் காலில் சிக்கும் என்றால் கீழ்ப் பாதியைப் பென்சில் பருமனில் சுருளாகச் சுற்றிக் குறைக்கலாம். பலன் கொஞ்சம் குறையும், ஆனால் வால் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

பதிவு 7 | மலைவழி

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டேன், பதில் வரவில்லை. ஆகவே 60 செ.மீ. ஆண்டெனாவை நானே செய்தேன். 20 மி.மீ. விட்டமுள்ள குழாயில் 1 மி.மீ. எனாமல் செப்புக் கம்பியை, சுற்றுக்குச் சுற்று அரை மி.மீ. இடைவெளி விட்டு, 13 சுற்று சுற்றினேன். மேலே பழைய அளவு நாடாவிலிருந்து வெட்டிய எஃகுத் துண்டு.

நானோ வி.என்.ஏ.வை மேசை மேல் வைத்து, ஒன்றரை மீட்டர் கோஆக்ஸ் கேபிள் வழியாக அளந்தேன். திரையில் நிலையலை விகிதத்தின் கோடு 40 மெகாஹெர்ட்ஸில் துல்லியமாகப் பள்ளம் விழுந்தது, மகிழ்ச்சியாக இருந்தது. செட்டில் மாட்டிப் பேசினால் பழைய ரப்பர் ஆண்டெனாவைவிட மோசம். திரும்ப மேசைக்கு வந்து அளந்தேன், அதே அழகான பள்ளம். தற்செயலாகக் கேபிளைக் கையால் பிடித்தபோது பள்ளம் 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய் நின்றது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது. எங்கே தவறு செய்தேன்?

பதிவு 8 | பழையசெட்

கேபிளைப் பிடித்ததும் பள்ளம் நகர்ந்தது என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். நீங்கள் அளந்தது ஆண்டெனாவை மட்டும் அல்ல, ஆண்டெனாவும் கேபிளும் சேர்ந்த ஒன்றை. ஒன்றரை மீட்டர் கேபிளின் வெளிப்பின்னல் இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழக் கால் அலை. செப்புச்சுருள் சொன்ன கீழ்ப்பாதியாக அது தானே நின்றுகொண்டது. செட்டில் மாட்டியதும் அந்தக் கீழ்ப்பாதி காணாமல் போனது, அதிர்வு மேலே ஏறிவிட்டது.

நான் செய்யும் முறை இது. செட்டின் அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டி எடுத்து, செப்புத் தாள் ஒட்டி, அதற்குள் நானோ வி.என்.ஏ.வை வைப்பேன். அதன் இணைப்பியின் வெளி உலோகத்தைத் தாளோடு பற்றவைப்பேன். யு.எஸ்.பி. கேபிள் கூடாது, மின்கலத்தில்தான் ஓட வேண்டும். பிறகு செட்டைப் பிடிப்பதுபோலவே அதைக் கையில் பிடித்து, முகத்தருகே உயர்த்தி, திரையை ஒரு கண்ணாடியில் பார்ப்பேன். பார்ப்பவர்களுக்கு நான் ஏதோ பூசை செய்வதுபோல் இருக்கும், ஆனால் அளவு பொய் சொல்லாது. கேபிள் இல்லாமல் முடியாது என்றால், பெட்டியை விட்டு வெளியே வந்த இடத்திலேயே 31ஆம் வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளை ஆறேழு சுற்று சுற்றிவிடுங்கள். பிறகு கேபிளைக் கையால் பிடித்தும் விட்டும் பாருங்கள். பள்ளம் நகராவிட்டால்தான் அளவை நம்பலாம்.

கடைசிச் சோதனை எப்போதும் வெளியில்தான். ஒரு டையோடு, ஒரு மைக்ரோ அம்மீட்டர், அரை மீட்டர் கம்பி; இவற்றால் ஆன புலவலிமை அளவி ஒன்றை ஓர் அலைநீளத்துக்கு அப்பால், அதாவது பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளிக் கம்பத்தில் கட்டி, இரண்டு ஆண்டெனாக்களையும் ஒரே இடத்தில், ஒரே கையில், ஒரே நிலையில் பிடித்து முள்ளைப் பாருங்கள். பண்பலைச் செட்டில் காதால் ஒப்பிடுவது பயனற்றது. குரல் ஓரளவுக்கு மேல் வந்துவிட்டால் 10 டெசிபெல் வேறுபாடுகூடக் காதுக்குத் தெரியாது.

பதிவு 9 | செப்புச்சுருள்

மலைவழி, உங்கள் சுருள் சரியானது. நீங்கள் சொன்ன அளவில் அது ஏறத்தாழ 2.3 மைக்ரோஹென்றி, நல்ல தரை இருந்தால் 60 செ.மீ. கம்பிக்கு அதுவே தேவை. செட்டின் சட்டம் மட்டும் கீழ்ப்பாதியாக இருக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு சுற்று கேட்கும். ஆகவே வாலோடு பயன்படுத்தப் போகிறீர்களா, வாலில்லாமலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆண்டெனா ஒத்துவராது. தூரத்துக்குப் பேச வேண்டிய நேரத்தில்தான் ஆண்டெனாவின் அருமை தெரியும் என்பதால் வாலோடு இசைப்பதையே நான் சொல்வேன்.

எஃகு நாடாவைப் பற்றி ஒரு சொல். 40 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் மில்லிமீட்டரில் 100இல் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே ஓடிவிடுகிறது. எஃகில் அது இன்னும் மெல்லிய தோலுக்குள் நெருக்கியடித்து ஓடுவதால் இழப்பு கூடுகிறது. ஆனாலும் 60 செ.மீ. நீள, அகலமான நாடாவில் இந்த இழப்பு சுருளின் இழப்போடு ஒப்பிடச் சிறிது. சுருளில் எஃகு கூடவே கூடாது. கம்பியில் இருந்தால் பரவாயில்லை. நாடாவின் வண்ணப் பூச்சைப் பற்றவைக்கும் இடத்தில் உப்புத்தாளால் முழுக்கச் சுரண்டி, பற்று பளபளப்பாக ஓடுகிறதா என்று பாருங்கள். மங்கலாகத் திரண்டு நின்றால் அது ஒட்டவில்லை. இரண்டு நாள் வளைந்தாடினால் கழன்றுவிடும். எஃகு நாடாவின் மேல்முனையை வட்டமாக வெட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணுக்கு ஆபத்து.

சுருளை இன்னும் மேலே, கம்பியின் நடுவில் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வைத்தால் சுருளுக்குக் கீழுள்ள பகுதியில் மின்னோட்டம் குறையாமல் ஓடும், கதிர்வீச்சுத் தடை உயரும். ஆனால் மேலே மிஞ்சும் கம்பி குட்டையாவதால் சுருள் பெரிதாக வேண்டும், இழப்பும் ஏறும், கம்பியின் நடுவில் கனமும் தொங்கும். காரில் நட்ட கம்பிக்கு இது பயன்படும். கையில் பிடிக்கும் செட்டுக்கு அடிச்சுருளே போதும் என்று நினைக்கிறேன்.

பொருத்தம்: அடியில், இணைப்பியின் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே, சுமார் 75 நானோஹென்றிச் சுருள் ஒன்றைக் குறுக்காகப் பற்றவையுங்கள். 8 மி.மீ. துளைக்கருவிக் கம்பியின் மேல் தாராளமாக இடைவெளி விட்டு மூன்றரைச் சுற்று சுற்றினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அதை நெருக்கியும் விரித்தும் விகிதத்தைச் சரிசெய்யலாம். செட்டின் இணைப்பி எஸ்.எம்.ஏ. என்ற சிறிய திருகு வகை என்றால், 60 செ.மீ. நாடா நெம்புகோலாக மாறி அதைப் பிய்த்தெடுக்கும். செட்டின் மேல்தட்டில் சாய்ந்து நிற்கும் அகலமான வளையத்தோடு கூடிய பி.என்.சி. மாற்றி ஒன்றைப் போட்டு, பாரத்தை மேல்தட்டுக்குக் கொடுங்கள். எஸ்.எம்.ஏ.யைப் பிய்த்த அனுபவம் எனக்கு உண்டு. பலகையிலிருந்து செப்புத் தடம் வேரோடு வந்தது.

பதிவு 10 | நேர்கோடு

நிலையலை விகிதத்தைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் கையில் இருந்த, எல்லா அலைவரிசைக்கும் பொருந்தும் என்று சொல்லி வாங்கிய குட்டை ஆண்டெனாவை ஓமானியால் அளந்தேன்; நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே 47 ஓம் காட்டியது. உறையைப் பிளந்தால் உள்ளே தடை ஒன்று படுத்திருந்தது.

ஒரு கேள்வி: ஒரே இடத்தில் முகாமிட்டு உட்காருபவருக்கும் இந்தச் சுருளும் வாலும்தானா?

பதிவு 11 | பழையசெட்

உட்காருபவருக்கு எதற்கு இந்தச் சிரமம்? 40 மெகாஹெர்ட்ஸில் அரை அலைக் கம்பி மூன்றரை மீட்டர் சொச்சம்தான். 300 ஓம் தட்டை ரிப்பனில் ஜே வடிவ ஆண்டெனா செய்தால், கீழே கால் அலைப் பொருத்தப் பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 5 மீட்டர் வரும். சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கல்லில் கயிறு கட்டிக் கிளை மேல் எறிந்து தூக்கிவிட்டால், சுருளும் வேண்டாம், உடலும் வேண்டாம், கைச் செட்டின் 5 வாட்டும் முழுதாக மேலே போகும். ரிப்பன் நனைந்தால் அதிர்வு கீழே இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடியில் கேபிளை ஆறேழு சுற்று சுற்றி விடுவது இங்கேயும் நல்லது.

பதிவு 12 | மலைவழி

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். செப்புத் தாள் ஒட்டிய பெட்டியைச் செய்து கையில் பிடித்து அளந்தபோது என் 13 சுற்று ஆண்டெனா 45 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் அதிர்ந்துகொண்டிருந்தது. அது ஏன் பேசவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. வாலை மாட்டியதும் பள்ளம் அப்படியே கீழே இறங்கி 40க்குச் சற்று மேலே வந்து நின்றது. நாடாவை வெட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கடைசிச் சுற்றுகளை நெருக்கி 40.3க்குக் கொண்டுவந்தேன். பிறகு சுருளின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கியபோது அது தானாகவே 39.9க்கு இறங்கிவிட்டது. நாடாவின் நுனியில் 3 மி.மீ., பிறகு 2 மி.மீ. என்று வெட்டி எங்கள் அலைவரிசைக்கு ஏற்றினேன். குறுக்குச் சுருளைச் சற்று விரித்ததும் விகிதம் 1.4இல் நின்றது, அதற்குமேல் துரத்தவில்லை.

புலவலிமை அளவியில் பழைய ரப்பர் ஆண்டெனாவோடு முள் அசைந்ததா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. புதியதோடும் வாலோடும் அதே இடத்தில் முள் பாதி அளவைத் தாண்டியது. செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு அதையே செய்து பார்த்தேன். முள் மறுபடி கீழே விழுந்தது. ஆகவே பேசுபவர் செட்டைக் கையில் எடுத்து, நிமிர்த்திப் பிடித்துத்தான் பேச வேண்டும் என்று குழுவில் சொல்லிவிட்டேன்.

சென்ற பயிற்சியில் முன்பு எங்கள் குரல் தொலைந்துபோகும் ஓடை வளைவிலிருந்து தள நிலையத்தை அழைத்தோம். இரைச்சல் இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார்கள். ஒருவர் வாலை மாட்ட மறந்து பேசியபோது மட்டும் கேட்கவில்லை என்று பதில் வந்தது. நினைவூட்டியதும் மாட்டிக்கொண்டார், கேட்டது. முகாமுக்குள் புழங்கும் செட்டுகளில் ரப்பர் ஆண்டெனாவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வெளியே போகும் நான்கு செட்டுகளுக்கு மட்டும் புதியதைச் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு முடிந்துவிட்டன, மூன்றாவதற்குச் சுருள் சுற்றியாயிற்று.